ஹோட்டலில் தங்க வந்த கைக்குழந்தை

ஒரு கட்டிலில் அப்பா, அம்மா, குழந்தை என்று மூன்று பேர் படுத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு அது சொந்த நாடு. மற்ற இரண்டு பேருக்கும் வெளிநாடு. அப்படியானால் அந்தக் கட்டில் எந்த நாட்டில் கிடக்கிறது?

கொட்டாஞ்சேனை ஜெம்பட்டா வீதியில் ஒரு மாடி வீட்டில், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த விசாலி, ஒரு மாலை பாடத்தின் நடுவே இதைக் கேட்டாள். சுற்றி இருந்த யாருக்கும் பதில் தெரியவில்லை. இதை எழுதுகிறவருக்கும் அன்று தெரியவில்லை. விசாலி சிரித்துவிட்டு அடுத்த கணக்கைப் போடச் சொன்னாள்.

விசாலி காரைக்குடிப் பக்கத்துப் பெண். கணக்கில் பட்டம் வாங்கியவள். அவளைக் கட்டிய உலகப்பனுக்குச் செட்டியார் தெருவில் குத்துவிளக்கும் பித்தளைப் பாத்திரமும் விற்கும் கடை. உலகப்பனின் தாத்தா காலத்திலேயே குடும்பம் கொழும்புக்கு வந்துவிட்டது. அவர்கள் வீட்டில் தொழில் இங்கே, பெண் எடுப்பது அங்கே. ஆகவே உலகப்பன் இலங்கையர், விசாலி இந்தியர். இந்தியக் கடவுச்சீட்டோடு கொட்டாஞ்சேனையில் குடித்தனம் நடத்த அவளுக்கு வதிவிட விசா வேண்டும். அதை வருடா வருடம் நீட்ட வேண்டும்.

நீட்டும் நாளில் இரண்டு பேரும் காலையிலேயே பத்தரமுல்லையில் இருக்கும் குடிவரவு அலுவலகத்துக்குப் போவார்கள். தன் மனைவி தன்னோடு இருக்க அனுமதி தரும்படி உலகப்பன் எழுதிய கடிதமும் கூடப் போகும். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத ஒரு வருடத்திலும் அந்தக் கடிதத்தை எழுதத்தான் வேண்டியிருந்தது. "இந்த வருஷம் எழுதுறீங்களா, இல்ல ஒரேயடியா அனுப்பிச்சிடலாம்னு யோசனையா?" என்று விசாலி கேட்க, உலகப்பன் பேனாவைத் திறந்தபடியே, "அனுப்புற டிக்கெட்ட விட இது மலிவு" என்றானாம். அதோடு சண்டை முடிந்தது.

மலிவு என்று அவன் வேடிக்கைக்குச் சொன்னாலும், ஒவ்வொரு வருடமும் விசாக் கட்டணம் கூடிக்கொண்டுதான் போனது. இந்த விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்யவும் முடியாது. ஆகவே பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்க வேண்டிய விசாலி, வீட்டுத் தரையில் பாய் விரித்துச் சும்மா சொல்லிக் கொடுத்தாள். தாய்மார் இடியப்பமும் மீன் குழம்பும் கொண்டுவந்து தந்தார்கள். அவள் மீன் சாப்பிட மாட்டாள் என்பது தெரிந்த பிறகு இடியப்பத்தை இரட்டிப்பாக்கினார்கள். உலகப்பன் ஒருநாளும் செலவைச் சொல்லிக் காட்டியதில்லை. ஆனாலும் ஒரு சேலையை விரித்துப் பார்க்கும்போதெல்லாம், இந்த வீட்டில் தன்னைத் தவிர வேறு யாருக்கும் வருடச் சந்தா இல்லையே என்று அவளுக்குத் தோன்றும். விலையைக் கேட்காமலே சேலையை மடித்துக் கொடுத்துவிடுவாள்.

விசாலி உண்டானதும் உலகப்பனின் அக்கா பெத்தாள் கிருலப்பனையில் இருந்து வந்து இறங்கினாள். நாற்பதைத் தாண்டிய, குரல் பெரிய பெண். தம்பியும் தம்பி மனைவியும் அவளை ஆச்சி என்றுதான் அழைப்பார்கள். அவர்கள் பக்கத்தில் அக்காவை அப்படிச் சொல்வதுதான் வழக்கம். அடுத்த வீட்டு ஷிம்னாவுக்கு இது முதலில் விளங்கவில்லை. "எங்கட ஊருல ஆச்சிண்டா பல்லுப் போன கெழவி. நீங்க ஒத்தரும் அவட மொகத்துக்கு நேரச் செல்லாதீங்கோ, அடிப்பா" என்று விசாலியிடம் இரகசியமாகச் சொல்லிவைத்தாள்.

பெத்தாள் சொன்னது ஒன்றுதான். தலைப்பிரசவம் தாய் வீட்டில். அதில் மாற்றுப் பேச்சே இல்லை. விசாலிக்கும் அம்மா மடியில் போய்க் கிடக்க ஆசைதான். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு, திருச்சி விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். ஒரு மணி நேரப் பயணம். பிள்ளை எங்கே பிறந்தால் எந்த நாட்டுப் பிள்ளை ஆகும் என்று அந்த வீட்டில் யாரும் அப்போது யோசிக்கவில்லை. உலகப்பனும் பெத்தாளும் கொழும்பில் பிறந்தது, அவர்கள் அம்மாவைப் பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்ப அப்போது வசதி இல்லாததால்தான். வசதி வந்த பிறகு வழக்கமும் திரும்பி வந்திருந்தது.

பெண் குழந்தை பிறந்தது. தேனம்மை என்று பெயர் வைத்து, தேனு என்று கூப்பிட்டார்கள். இந்தியாவில் இந்தியத் தாய்க்குப் பிறந்ததால் அவளுக்கு இந்தியக் கடவுச்சீட்டு. படம் எடுக்கும்போது நாற்பது நாள் பிள்ளை. நெற்றி வரை கருகருவென்று முடி, வாய் நிறைய அழுகை. அந்தக் கடவுச்சீட்டோடும் சுற்றுலா விசாவோடும் தேனு முதன்முதலாகத் தன் அப்பா வீட்டுக்கு வந்தாள். விசாலி இல்லாத நாளில் அவளுடைய வதிவிட விசாவும் முடிந்துபோயிருந்தது. அதை மறுபடி சரிசெய்ய அலைந்தார்கள். சரியாயிற்று. தேனுவுக்குத்தான் ஒன்றும் ஆகவில்லை. அவள் சுற்றுலாப் பயணியாகவே தொட்டிலில் கிடந்தாள். நாள் முடிய முடியக் காசு கட்டி நீட்டினார்கள். பல் முளைப்பதற்குள் அவளுக்கும் சந்தா தொடங்கிவிட்டது.

தகப்பன் இலங்கையர் என்றால், வெளிநாட்டில் பிறந்த பிள்ளையையும் இலங்கைப் பிரஜையாகப் பதியலாம். ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும். அதற்குப் பிறகென்றால் விளக்கம், அனுமதி, அலைச்சல். இதைத் தெரிந்துகொண்ட நாளில் இருந்து விசாலிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் உலகப்பன் இழுத்தடித்தான். பதிந்தால் ஒருநாள் இந்தியக் கடவுச்சீட்டை விட வேண்டி வரும், நாளைக்கு அங்கே ஒரு மாப்பிள்ளை, ஒரு சொத்து என்று வந்தால் என்ன செய்வது என்பது அவன் யோசனை. வியாபாரக் குடும்பத்தில் யாரும் எதையும் ஒரே கடையில் போட்டுவைப்பதில்லை.

"ரெண்டு கரையிலயும் ஒரு கால் இருக்கட்டுமே" என்றான் ஒருநாள் சாப்பிடும்போது.

விசாலி ரசத்தை ஊற்றிவிட்டுச் சொன்னாள். "கால் வைக்கிறது நீங்க. நனையிறது நாங்க. நான் வருஷா வருஷம் போய் நிக்கிறேன், பரவால்ல, கட்டிக்கிட்டு வந்தவ. இவ எதுக்கு நிக்கணும்? இவ அப்பா வீட்ல இருக்கிறதுக்கு இவ யார்கிட்ட கேக்கணும்?"

உலகப்பன் சாப்பிட்டு எழுந்தான். மறுநாள் அவனே பத்தரமுல்லைக்குப் போய் என்னென்ன ஆவணம் வேண்டும் என்று கேட்டு வந்தான். இந்தியப் பிறப்புச் சான்றிதழை இந்தியாவில் உறுதிப்படுத்தி வாங்க வேண்டும் என்றார்கள். விசாலியின் தம்பி அதற்காகச் சென்னைக்கும் காரைக்குடிக்கும் நடந்தான். அது தம்பியின் கைக்கு வந்தபோது தேனுவுக்குப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. அதே சமயத்தில் அவளுடைய சுற்றுலா விசாவையும் இனி நீட்ட முடியாது என்ற நிலை. ஒரு தடவை நாட்டை விட்டு வெளியே போய் வர வேண்டும். சரி, காரைக்குடிக்குப் போய்ச் சான்றிதழை வாங்கிக்கொண்டு, புது விசாவோடு திரும்பிப் பிறந்தநாளுக்கு முன் கொழும்பில் பதிந்துவிடலாம் என்று முடிவானது. உலகப்பன் கடையை விட முடியாததால் பெத்தாள் துணைக்குப் போனாள்.

புறப்படுமுன் வெள்ளவத்தையில் விசா வேலைகள் பார்த்துக் கொடுக்கும் கஜேந்திரனிடம் யோசனை கேட்டார்கள். குழந்தையின் வருகை அட்டையில் கொட்டாஞ்சேனை முகவரியை எழுதலாமா என்று விசாலி கேட்டாள். கஜேந்திரன் கையை உதறினார். "ஐயோ, வீட்டு அட்ரஸ் போடாதேங்கோ அக்கா. டூரிஸ்ட் எண்டு வாறவை வீட்டில இருக்கினம் எண்டா ஆயிரம் கேள்வி கேப்பினம். ஒரு ஹோட்டல் பேரை எழுதிப்போட்டுப் பேசாமல் வாங்கோ. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ."

பேசாமல் வருவது விசாலிக்குப் பழகிய வேலை. இத்தனை வருடமும் குடிவரவு அதிகாரிகளின் கண்ணாடிக்கு முன்னால் அவள் கேட்டதற்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை.

காரைக்குடியில் சான்றிதழ் கைக்கு வந்தது. அதோடு திரும்பியிருந்தால் இதில் எழுத ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் குலதெய்வக் கோயில் அங்கிருந்து அரை மணி நேரத் தூரத்தில் இருந்தது. முதல் முடி அங்கேதான் இறக்க வேண்டும். விசாலி தயங்கினாள். படத்தில் அத்தனை முடியோடு இருக்கிற பிள்ளையை மொட்டையாகக் கொண்டுபோனால் எல்லையில் என்ன சொல்வார்களோ, பதிந்த பிறகு ஒரு தடவை வந்து இறக்கலாமே என்றாள்.

"வாசல் வரைக்கும் வந்துட்டு முடியோட திரும்புறதா?" என்றாள் பெத்தாள். "சாமிக்குன்னு வச்ச முடிய எந்த ஆபீசருக்குன்னு காப்பாத்தப் போற? அவனுக்கும் ஒரு அம்மா இருப்பா, மொட்டைன்னா என்னன்னு அவனுக்கும் தெரியும்."

தாய்மாமன் மடியில் உட்காரவைத்து மொட்டை அடித்தார்கள். காதும் குத்தினார்கள். தலை முழுவதும் சந்தனம் பூசினார்கள். தேனு ஊரே கேட்க அழுது, பிறகு ஒரு வாழைப்பழத்துக்கு அடங்கினாள்.

திருச்சியில் ஒரு சிக்கலும் இல்லை. அங்கிருந்த அதிகாரி மொட்டைத் தலையைப் பார்த்து எந்தக் கோயில் என்று மட்டும் கேட்டு முத்திரை குத்தினார். விசாலிக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. விமானத்தில் வருகை அட்டைகளை நிரப்பினாள். தன்னுடையதில் கொட்டாஞ்சேனை வீட்டு முகவரி. தேனுவுடையதில், கஜேந்திரன் சொன்னபடியே, வெள்ளவத்தையில் ஒரு ஹோட்டலின் பெயர்.

கட்டுநாயக்காவில் இறங்கியதும் வரிசை இரண்டாகப் பிரிந்தது. பெத்தாள் இலங்கைக் கடவுச்சீட்டோடு அந்தப் பக்கம் போனாள். விசாலி தேனுவைத் தோளில் போட்டுக்கொண்டு வெளிநாட்டவர் வரிசையில் நின்றாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு இளம் அதிகாரி. விசாலியின் கடவுச்சீட்டைப் பார்த்தார், சரி. தேனுவின் படத்தைப் பார்த்தார். தோளில் கிடந்த மஞ்சள் மொட்டையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"மே லமயாத மே?" என்றார். இந்தப் பிள்ளைதானா இது என்று கேட்கிறார்.

விசாலி தலையை மட்டும் ஆட்டினாள். அதிகாரி இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவர் முகம் மாறியது. அவருக்குத் தமிழ் தெரியாது, விசாலிக்குச் சிங்களம் கொஞ்சம்தான். அவர் ஆங்கிலத்துக்கு மாறி, நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டார். நீங்கள் கொட்டாஞ்சேனையில் தங்குகிறீர்கள். ஆம். இந்தக் குழந்தை வெள்ளவத்தையில் ஹோட்டலில் தங்குகிறது. விசாலி பிள்ளையை மறு தோளுக்கு மாற்றினாள். பதினோரு மாதக் குழந்தை ஹோட்டலில் யாரோடு தங்கும் என்று அவர் கேட்டார்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கோ என்றார் கஜேந்திரன். இதற்குப் பதில் அவர் சொல்லித் தரவில்லை.

பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஒரு மூத்த பெண் அதிகாரி இருந்தார். படத்தில் ஒரு முகம், கையில் ஒரு முகம், தாய்க்கு ஒரு முகவரி, பிள்ளைக்கு வேறு முகவரி. வேறு யாருடைய பிள்ளையையாவது கொண்டுவருகிறார்களா என்றுதான் யாரும் முதலில் நினைப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த ஹோட்டலுக்குத் தொலைபேசியில் கேட்டுப் பார்க்கும்படி அவர் இளம் அதிகாரியிடம் சொன்னது விசாலிக்குப் புரிந்தது. ஹோட்டலில் தேனம்மை என்று ஒருவரையும் தெரியாது என்பார்கள். அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்புவார்கள். பிறந்தநாள் தாண்டிவிடும். பைக்குள் இருக்கிற சான்றிதழுக்காகத் தம்பி நடந்த நடையெல்லாம் வீண். இந்தப் பிள்ளையும் தன்னைப் போலவே ஆயுள் முழுக்க ஒரு கண்ணாடிக்கு முன்னால் நிற்கும். இத்தனையும் அவள் மனதில் ஓடியபோது, தேனு சந்தனத் தலையை அவள் கழுத்தில் தேய்த்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

விசாலி வாயைத் திறந்தாள். தனக்குத் தெரிந்த சிங்களம், ஆங்கிலம் இரண்டையும் கலந்து, யாரும் கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். ஹோட்டல் பொய். பிள்ளை கொட்டாஞ்சேனையில் அப்பா வீட்டில்தான் இருக்கிறது, வந்ததில் இருந்து அங்கேதான். வீட்டு முகவரி எழுதினால் விடமாட்டார்கள் என்று பயந்து எழுதியது. பிரஜாவுரிமை பதியத்தான் கொண்டுவருகிறேன், இதோ சான்றிதழ். முடி கோயிலில் இறக்கியது, நேற்று.

மூத்த அதிகாரி சான்றிதழை வாங்கிப் பார்த்தார். பிறகு, முடி இறக்கியதற்கு ஏதாவது படம் இருக்கிறதா என்று கேட்டார்.

படம் பெத்தாளின் கைத்தொலைபேசியில் இருந்தது. பெத்தாளோ எப்போதோ உள்ளே போய்விட்டாள். ஒரு காவலரை அனுப்பினார்கள். வந்து இறங்குகிறவர்களுக்கு வீட்டுச் சாமான் விற்கும் வரியில்லாக் கடைகளில், சலவை இயந்திரங்களுக்கு நடுவே, ஒன்றின் கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்த பெத்தாளை அவர் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார். அவளுக்குச் சிங்களம் சரளம். வரும்போதே பேசிக்கொண்டுதான் வந்தாள். தன் தம்பி பிள்ளையைப் பார்த்து யாருடைய பிள்ளை என்று கேட்டது யார் என்பதுதான் அவள் பேச்சின் சாரம்.

அவளிடம் இருந்தது படம் அல்ல, வீடியோ. கடையில் இருக்கிற தம்பிக்குக் காட்டவென்று, ஆரம்பத்தில் இருந்து முடிவு வரை எடுத்திருந்தாள். மேசையில் தொலைபேசியை நிறுத்தினாள். முதலில் முடி நிறைந்த தேனு, கடவுச்சீட்டில் இருக்கிற அதே அழுகை, அதே அகலமான வாய். பிறகு கத்தி இறங்கியது. நெற்றியில் இருந்து ஒரு பாதை திறந்தது. பாதித் தலை முடியும் பாதித் தலை மொட்டையுமாக அவள் கேமராவைப் பார்த்து ஒருகணம் அழுகையை நிறுத்தினாள். இளம் அதிகாரி சிரித்துவிட்டார். கதவருகே நின்ற காவலரும் எட்டிப் பார்த்தார். கடைசியில் சந்தனத் தலையோடு வாழைப்பழம். மூத்த அதிகாரி அதை மறுபடி ஒருமுறை போடச் சொன்னார். சந்தேகத்துக்காக அல்ல என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

சத்தத்தில் தேனு விழித்து அழத் தொடங்கினாள். அந்த வாயைப் பார்த்த பிறகு யாரும் படத்தோடு ஒப்பிடவில்லை.

மூத்த அதிகாரி குழந்தையின் வருகை அட்டையை எடுத்து ஹோட்டலின் பெயரை ஒரு கோடு போட்டு அடித்தார். பேனாவை விசாலியிடம் கொடுத்து, வீட்டு முகவரியை எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்ததும், பெத்தாள் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பெத்தாள் அதைத் தமிழில் சொல்லும்போது அவள் குரல் வழக்கத்தை விடச் சின்னதாக இருந்தது.

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா கண்ணாடிக்கிட்டயே முடிஞ்சிருக்குமாம். பிறந்தநாளுக்குள்ள போயிப் பதிஞ்சிருங்கன்னு சொல்றா."

முத்திரை விழுந்தது. வெளியே உலகப்பன் காத்து நின்றான். தாமதத்துக்கு என்ன காரணம் என்று கேட்டான். விசாலி சொல்லத் தொடங்கி, பாதியில் சிரிப்பு வந்து, அது அழுகையாகி, கடைசியில் பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டு வேனில் ஏறிக்கொண்டாள். கொட்டாஞ்சேனை வரும்வரை நன்றாகத் தூங்கினாள்.

தேனுவின் பிறந்தநாளுக்கு முந்தைய வாரம் பத்தரமுல்லையில் பதிவு நடந்தது. இந்த முறை உலகப்பனே எல்லாத் தாள்களையும் அடுக்கிக் கொண்டுபோனான். இரண்டு கரை என்ற பேச்சை எடுக்கவில்லை. பிறந்தநாளுக்கு ஷிம்னா தேங்காய்ப்பால் ஊற்றி இனிப்பு வட்டிலப்பம் செய்து கொண்டுவந்தாள். கஜேந்திரனுக்கும் சொல்லியிருந்தார்கள். அவர் வந்து, ஹோட்டல் கதையைக் கேட்டு, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "தாய்க்கு வீடும் பிள்ளைக்கு ஹோட்டலும் எழுதுவியள் எண்டு நான் கனவிலயும் நினைக்கேல்லை அக்கா" என்றார். விசாலி அவருக்கு இன்னொரு துண்டு வட்டிலப்பம் வைத்தாள்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. விசாலி இன்னமும் வெளிநாட்டவர்தான். வருடா வருடம் அந்தக் கடிதமும் கட்டணமும் இருக்கும். இந்தியக் கடவுச்சீட்டை விட்ட பிறகு தாய்மாமன் வீட்டுக்குப் போக வேண்டுமானால் தேனுவுக்குத்தான் அந்தப் பக்க விசா தேவைப்படும். விசாலிக்கு அது தெரியும். ஆனால் அவள் மகள் இந்த வீட்டில் படுத்துத் தூங்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. போன மாதம் தன் விசாவை நீட்டப் போனபோது, வரிசையில் நின்றபடியே பக்கத்தில் நின்ற ஒரு புதுப் பெண்ணோடு அவள் பேச்சுக் கொடுத்தாளாம். அந்தப் பெண் மதுரைக்காரி, ஆறு மாதம். பிரசவத்துக்கு ஊருக்குப் போகிறாள். விசாலி தன் முறை வந்ததைக் கூடக் கவனிக்காமல் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுதத் தோன்றியது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தலைப்பிரசவத்துக்குக் கடல் தாண்டிப் போகிற பெண் யாராவது இருந்தால், அவளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். முதல் வருடம் முடியுமுன் பிள்ளையைப் பதிந்துவிடச் சொல்லுங்கள். அட்டையில் உண்மையான முகவரியை எழுதச் சொல்லுங்கள். அவளுக்கு வாசிக்க நேரம் இல்லாவிட்டால், நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.